"பொருத்தமான உடை" என்று மட்டும் எழுதியதால்: செந்தூல் நீச்சல் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரில் செந்தூல் வட்டாரத்துக் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றின் குளத்தில் நடந்த தொடக்கநிலை நீச்சல் வகுப்பு இது. பத்து வாரம், சனிக்கிழமைதோறும் மாலை 4.30க்குத் தொடங்கி 45 நிமிடம். ஆறு பிள்ளைகள், ஒரு பெண் பயிற்றுநர், தண்ணீருக்குள் ஓர் உதவியாளர். பயிற்சிப் பகுதியில் ஆழம் 0.9 மீட்டர். தரை முழுக்க வெளிர்நீலச் சிறு ஓடு. கூரை இல்லை. தண்ணீரின் வெப்பம் வெயில் நாளில் 29 பாகை, மழை பெய்த நாளில் 27.

இந்தப் பதிவு அந்த ஆறு பேரில் இருவரைப் பற்றியது: தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயது அக்காள், நான்கு வயதுத் தம்பி. இருவருக்கும் அதுவரை குளத்துப் பழக்கம் கிடையாது. வீட்டில் தாய், தந்தை, பாட்டி. பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. பேத்தி எதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள் என்பதில்தான் பேச்சு வந்தது. "கையும் காலும் மூடியிருந்தா போதும்மா, வேற ஒண்ணும் நான் சொல்லல" என்பது பாட்டியின் நிபந்தனை. நியாயமான நிபந்தனை. நீச்சலுக்கு அது எந்த இடத்திலும் குறுக்கே நிற்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஐந்து வாரம் எல்லோரும் அதுதான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் போன தகவலில் உடையைப் பற்றி ஒரே வரி: "பொருத்தமான நீச்சல் உடை அணிந்து வரவும்." குளத்தின் அறிவிப்புப் பலகையிலும் மலாயில் அதேதான், "பாக்காயான் ரெனாங் யாங் செசுவாய்." எழுதியவர்கள் மனத்தில் இருந்தது உடம்போடு பொருந்துகிற, தண்ணீருக்கு ஏற்ற உடை. வீட்டில் அதைக் கண்ணியமான உடை என்று படித்தார்கள். தமிழில் இரண்டு பொருளும் உண்டு. பிழை படித்தவர்களுடையது அல்ல.

முதல் இரண்டு வகுப்புகள்

அக்காள் முழுக்கைப் பருத்திச் சட்டையும் பருத்தி லெக்கின்ஸும் போட்டு வந்தாள். இரண்டும் வீட்டில் இருந்தவை, சட்டை ஓர் அளவு பெரியது. தலையில் காலையில் எண்ணெய் தடவிப் பின்னிய இரட்டைப் பின்னல், ரிப்பன், அதன்மேல் லேடெக்ஸ் தொப்பி. காலில் கொலுசு.

தம்பிக்குக் கடற்கரைக்குப் போடும் முழங்கால் நீள அரைக்கால்சட்டை. இரண்டு பக்கமும் பை, உள்ளே வலைத்துணி. அதன்மேல் மார்பையும் முதுகையும் சுற்றி நுரைக்கட்டைகள் தைத்த மிதவைச் சட்டை. 95 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. இடுப்பில் தாயத்து கோத்த அரைஞாண் கயிறு.

பயிற்றுநர் முதல் நாள் எதையும் கழற்றச் சொல்லவில்லை. புதுப் பிள்ளைகள், முதல் நாள் உடையைப் பற்றிப் பேசினால் குடும்பம் அடுத்த வாரம் வராமலே போகக்கூடும் என்று கருதினார். அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் அதன் விலை இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது.

அக்காளிடம் கவனித்தவை: கவிழ்ந்து மிதக்கையில் சட்டையின் கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து வயிற்றுப் பக்கம் பை போல உப்பியது. சுவரை உதைத்துச் சறுக்கியதும் மற்றப் பிள்ளைகள் இரண்டு மீட்டர் போனார்கள். இவள் ஒரு மீட்டருக்குள் நின்றாள். மல்லாந்து படுத்தால் சட்டைக்குள் காற்று சிக்கி, துணி கழுத்தருகே திரண்டு தாடையில் இடித்தது. உடனே தலையைத் தூக்குவாள், இடுப்பு கீழே போகும். "டீச்சர், சட்டை என்னைப் படுக்க விடமாட்டேங்குது" என்று இரண்டாம் வகுப்பில் அவளே சொன்னாள். அதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைத் திருத்த வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் பிள்ளையை அமிழ்த்திவிடும் என்று பலர் சொல்கிறார்கள். துணி குடித்த தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடை கிடையாது, சுற்றியுள்ள தண்ணீரே அதைத் தாங்கிக்கொள்கிறது. சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, தளர்ந்த துணி தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது, நகரும்போதெல்லாம் எதிர்ப்பு. இரண்டு, கை தண்ணீருக்கு மேலே வரும்போதும் பிள்ளை விளிம்பைப் பிடித்து ஏறும்போதும் அந்த எடை முழுசாகக் கையில் இறங்குகிறது. பின்னர் தாய் வீட்டில் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தார்: சட்டையும் லெக்கின்ஸும் காய்ந்தபோது 240 கிராம், சொட்டச் சொட்ட எடுத்தபோது 790 கிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்துகொண்டு விளிம்பில் ஏறியிருக்கிறாள்.

தம்பியின் சிக்கல் அக்காளுடையதைவிட ஆபத்தானது. மிதவைச் சட்டை அவனை நிமிர்த்தியே வைத்தது. நுரை மார்பில் இருந்ததால் தோள் மேலே, கால் கீழே. தண்ணீருக்குள் சைக்கிள் மிதிப்பது போல ஓடினான். நீச்சலுக்கு உடம்பு கிடைமட்டமாகப் படுக்க வேண்டும். நிமிர்ந்தே இருந்து பழகிய உடம்புக்கு அந்தப் பழக்கத்தைப் பிறகு மறக்கடிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் வகுப்பு முடிந்து, சட்டையைக் கழற்றி ஷவரில் நின்றவன், தாய் துண்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் குளத்தை நோக்கி ஓடினான். விளிம்பில் தாய் கையைப் பிடித்தார். அவனுக்குத் தெரிந்தவரை தண்ணீர் தன்னை எப்போதும் தாங்கும். தாங்கியது சட்டை என்பது நான்கு வயதுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் வகுப்பில் நடந்தது

அன்று விளிம்பிலிருந்து கால் முதலாகக் குதிக்கும் பயிற்சி. உதவியாளர் தண்ணீரில் ஒரு கை தூரத்தில் நின்றார். அக்காள் குதித்தாள். உடம்பு கீழே போனது, அகலமான சட்டை மேலே போனது. நனைந்த பருத்தி முகத்தை மூடி மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டது. தலை தண்ணீருக்கு மேலே வந்த பிறகும் அவளால் மூச்சு இழுக்க முடியவில்லை, இரண்டு கையும் நீண்ட கைத்துணிக்குள் சிக்கியிருந்தன. உதவியாளர் தூக்கி, துணியை முகத்திலிருந்து கீழே இழுத்தார். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு விநாடி.

உடம்பில் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பயிற்சியில் முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னால் மறுத்தாள். அதற்கு முந்தைய வாரம் ஐந்து எண்ணும்வரை முகத்தை வைத்துக் குமிழி விட்ட பிள்ளை.

வகுப்பு நடத்தியவர்கள் இங்கே தவறியது தெளிவு. தளர்ந்த சட்டையோடு குதிக்க விட்டிருக்கக் கூடாது. முதல் நாளே அந்தச் சட்டையைப் பார்த்தார்கள்.

உடையோடு நீந்தக் கற்பதும் தேவைதானே என்று தந்தை கேட்டார். நல்ல கேள்வி. நெதர்லாந்தில் பிள்ளைகளின் முதல் நீச்சல் சான்றிதழான 'ஏ' நிலையிலேயே உடையோடு நீந்தும் பகுதி உண்டு. ஆனால் அங்கே அது மிதக்கவும் மூச்சுவிடவும் கற்ற பிறகு, தெரிந்து செய்கிற தேர்வு. மிதக்கவே தெரியாத பிள்ளைக்கு முதல் வாரத்தில் செய்வது அல்ல.

நான்காம், ஐந்தாம் வகுப்பு: புது உடை, புதுச் சிக்கல்

தாய் அந்த வாரமே மஸ்ஜித் இந்தியா கடைவீதிப் பக்கம் போய் முறையான நீச்சல் உடை வாங்கினார். முழுக்கை, கணுக்கால் வரை மூடிய ஒற்றை உடை, இடுப்பைச் சுற்றிச் சின்னப் பாவாடை மடிப்பு, முதுகில் ஜிப், வெளிர்நீலத்தில் வெள்ளைப் பூ. விலை 79 வெள்ளி. துணி சரி. அளவு 130 சென்டிமீட்டர் உயரத்துக்கானது, பிள்ளையின் உயரம் 117. "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமும் போடலாம்." பள்ளிச் சீருடைக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். நீச்சல் உடைக்கு வராது. அடுத்த வருடம் உடை அவளுக்குச் சரியாகும்போது அதன் மீள்தன்மை போயிருக்கும், குளோரின் அதைச் செய்துவிடும்.

நான்காம் வகுப்பில் இவை தெரிந்தன. தோள் சரிந்தது. முதுகுப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, சுவரைவிட்டு உதைத்ததும் பாராசூட் போல விரிந்தது. கவட்டைப் பகுதி நான்கு விரற்கடை கீழே தொங்கியதால் காலை இடுப்பிலிருந்து உதைக்க முடியாமல் முழங்காலிலிருந்து உதைத்தாள். பாவாடை மடிப்பு மிதந்து மேலே வந்து, அவள் கால் எப்படி மடங்குகிறது என்பதைப் பயிற்றுநரின் பார்வையிலிருந்து மறைத்தது. கழிப்பறைக்குப் போய்வர ஆறு நிமிடம், அதுவும் தாய் கூட வந்து ஜிப்பை இறக்கினால்.

எல்லாவற்றையும்விடக் கவலை தந்தது நிறம். சரிந்த வெயில் தண்ணீர்மேல் மின்னும் நேரம். வரிசையில் ஐந்து தலைகள்தான் தெரிகின்றன என்று பயிற்றுநர் எண்ணினார். ஆறாவது பிள்ளையான அக்காள் ஒன்றரை மீட்டர் தூரத்தில், தண்ணீருக்குள் குந்தி, கீழே விழுந்த நீச்சல் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளிர்நீல ஓட்டுத் தரையில் வெளிர்நீல உடை, அலையில் உடைந்து உடைந்து தெரியும் வெள்ளைப் பூ. தெளிந்த தண்ணீரில், கையெட்டும் தூரத்தில், பிள்ளை கண்ணுக்குப் படவில்லை.

அதே நாள் இடி. குளத்திலிருந்து எல்லோரையும் ஏற்றி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கூரைக்கடியில் உட்கார வைத்தார்கள். காற்றடித்தது. இறுக்கமான உடை போட்ட பிள்ளைகள் துண்டைப் போர்த்திச் சமாளித்தார்கள். இவள் உடையின் மடிப்புகளில் தேங்கிய தண்ணீர் காற்றில் ஆவியாகி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருந்ததால் நடுங்கினாள், உதடு கருத்தது. வெப்ப நாட்டில் குளிர் எங்கே வரப்போகிறது என்று நினைப்பவர்கள் மழைக்குப் பிந்திய கொண்டோ குளத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நனைந்த உடையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அக்குளிலும் கழுத்தோரத்திலும் சிவந்த கோடுகள். குளோரின் ஒவ்வாமை என்று வீட்டில் பயந்தார்கள். பார்த்தால் சிவப்பு தையல் போகும் வழியில் மட்டும் இருந்தது, மற்ற இடம் சுத்தம். குளோரின் என்றால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் அரித்திருக்கும். தளர்ந்த துணி ஒவ்வொரு கைவீச்சிலும் முன்னும் பின்னும் நகர்ந்து தேய்த்த காயம் அது. வகுப்பு முடிந்து நனைந்த உடையோடே வீட்டுக்குப் போனதும் அதைக் கூட்டியது.

அன்று மாலை தாய், "மூடின உடையில நீச்சல் வராது போல, நிறுத்திடலாமா?" என்று பயிற்றுநரிடம் கேட்டார். நிகழ்வின் திருப்பம் அங்கே. பயிற்றுநர் சொன்ன பதில்: "அக்கா, மூடியிருக்கிறது பிரச்சினையே இல்ல. தொளதொளன்னு இருக்கிறதுதான் பிரச்சினை. அளவு எடுப்போம்."

அளவு எடுத்தது

துணி அளவுநாடா, ஒரு துண்டுத்தாள், ஐந்து நிமிடம். உயரம் 117, மார்பு 57, இடுப்பு 53, இடுப்பெலும்புச் சுற்று 61, எல்லாம் சென்டிமீட்டர். கடைசியாக எடுத்ததுதான் பெரும்பாலான பெற்றோர் எடுக்காதது: உடல்வளைவுச் சுற்று. நாடாவை ஒரு தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமாகக் கவட்டை வழியாக இறக்கி, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவருவது. அவளுக்கு 106. ஒற்றை உடையில் தோள் சரிவதும் கவட்டை தொங்குவதும் இந்த அளவு தவறினால்தான். இரட்டை உடையில் இந்த அளவுக்கு அவ்வளவு வேலை இல்லை, அதுவே இரட்டை உடையை விரும்ப ஒரு காரணம்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். நீச்சல் உடையில் கவட்டையில் ஒட்டிய சுகாதாரப் பட்டையைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள். உள்ளாடைமேல் போட்டுப் பார்த்து, பட்டையைப் பிரிக்காமல் முடிவு செய்ய வேண்டும்.

தேர்ந்தெடுத்தவையும் காரணமும்

அக்காளுக்கு: முழுக்கை ராஷ் கார்ட் (உடம்போடு ஒட்டும் நீச்சல் மேற்சட்டை), கணுக்கால் வரை ஒட்டிய லெக்கின்ஸ், இரண்டும் தனித்தனி, 120 அளவு. பாட்டி கேட்டபடி கையும் காலும் மூடியே இருந்தது. சட்டையின் முன் ஓரத்தில் உட்புறம் ஒரு வளையம், லெக்கின்ஸின் இடுப்புக் கயிற்றை அதில் கோத்து முடிந்தால் குதிக்கும்போது சட்டை மேலே ஏறாது. கயிற்று நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும். கழுத்தில் கயிறு முடியும் உடையைத் தவிர்த்தார்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 14682, ஏழு வயதுக்குட்பட்டோரின் உடையில் கழுத்தில் தொங்கும் இழுகயிறுக்கு இடம் தருவதில்லை. குளத்தில் கயிறு சிக்கக்கூடிய ஏணி, வடிகால் மூடி இரண்டும் இருப்பதால் இந்த விதியை வயது பார்க்காமல் கடைப்பிடிப்பது நல்லது.

துணி பாலியெஸ்டர் கலந்தது. கடையில் மிருதுவாக, பளபளப்பாகக் கிடைப்பது பெரும்பாலும் நைலானும், ரப்பர் போல நீளும் எலாஸ்டேன் இழையும் கலந்தது. போட இதமானது, ஆனால் குளோரின் எலாஸ்டேன் இழையை அரிக்கும். வாரம் ஒரு முறை குளத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பாலியெஸ்டர் கூடுதலாக உள்ள உடை அதிக நாள் வடிவம் கெடாமல் இருக்கும். பாலியெஸ்டரும், அதே குடும்பத்தில் நீளும் தன்மையுள்ள பி.பி.டி. இழையும் மட்டும் கலந்தது இன்னும் நீடிக்கும், விலையும் கூடும். தொடக்கநிலைக்கு அது தேவையில்லை.

நிறத்தை முடிவு செய்தது குளமே. பயிற்றுநர் வகுப்புக்கு முன் நான்கு துணித்துண்டுகளைத் தண்ணீரில் அமிழ்த்தி, உதவியாளரைத் தண்ணீரைக் கலக்கச் சொல்லி, பெற்றோரை விளிம்பில் நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளிர்நீலம் உடனே கரைந்தது. வெள்ளை, வெயில் மின்னலோடு கலந்தது. கருநீலம் தெரிந்தது, ஆனால் நிழலா துணியா என்று சொல்ல முடியவில்லை. ஒளிரும் ஆரஞ்சு கலங்கிய தண்ணீரிலும் ஒரே பார்வையில் பட்டது. பாட்டியும் அன்று வந்திருந்தார். "அந்த ஆரஞ்சையே வாங்கு, எங்க நின்னாலும் எனக்குத் தெரியுது" என்றார். சட்டை ஆரஞ்சு. லெக்கின்ஸ் அடர்நிறம், பக்கவாட்டில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஆரஞ்சுக் கோடு. அந்தக் கோடு அலங்காரம் அல்ல. முழங்கால் மடங்கினால் கோடு உடைவது பயிற்றுநருக்கு மேலிருந்தே தெரியும்.

வெயிலும் கணக்கில் வந்தது. தீபகற்ப மலேசியா, ஏற்கெனவே சூரியனுக்கு முந்தி ஓடிய கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் மேலும் அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டதால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு. மாலை 4.30 என்பது சூரியக் கணக்கில் மூன்றேகால். மாலை வகுப்புதானே என்று விட்டுவிட முடியாது. யு.பி.எஃப். (துணியின் புறஊதாத் தடுப்பு மதிப்பு) 50 என்று குறித்த துணி புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விடாது. சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டையின் மதிப்பு 5 முதல் 7, நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். பருத்தி முழுக்கைச் சட்டை வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் இதனால் பாதிதான் சரி. "கறுத்துப் போயிடுவா" என்ற கவலைக்காக மூட வேண்டியதில்லை. தோல் வெந்து உரிவதைத் தடுக்க மூட வேண்டும். நம் நிறத்துக்கும் தோல் வேகும்.

தம்பிக்கு: முழங்கால்வரை ஒட்டிய கால்சட்டை, பையும் வலையும் இல்லாதது, அதே ஆரஞ்சில் அரைக்கை ராஷ் கார்ட். பை தண்ணீரையும் காற்றையும் பிடிக்கும். உள்வலையில் ஆண்குழந்தைகளின் மெல்லிய தோல் சிக்கிக் காயமான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அப்படிச் சிக்கினால் இழுக்கக் கூடாது, சுற்றியுள்ள வலையை வெட்டி, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மிதவைச் சட்டை முழுவதுமாக நிறுத்தப்பட்டது, வகுப்புக்கு வெளியிலும். படகில் ஏறினால் முறையான உயிர்காப்பு அங்கி வேண்டும், அது வேறு பொருள்.

அரைஞாண் கயிற்றைப் பற்றிப் பயிற்றுநர் நேரே பாட்டியிடம் பேசினார். "பாட்டி, கயிறு இருக்கட்டும். தொங்குற தாயத்து மட்டும் அந்த ஒரு மணி நேரம் வேண்டாம், இடுப்புப் பட்டி அதை உள்ள அழுத்துது." அவன் இடுப்பில் தாயத்தின் நீள வடிவில் சிவந்த தடம் பதிந்திருந்ததைக் காட்டினார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கயிற்றைக் குறுக்கிக் கட்டி, தாயத்தைச் சனிக்கிழமை மாலை கழற்றிச் சாமி படத்தடியில் வைப்பது என்று பாட்டியே முடிவு செய்தார். கொலுசும் அப்படியே. குளோரின் தண்ணீரில் வெள்ளி கறுக்கும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

தலைமுடிக்கு: வகுப்பு நாளில் எண்ணெய் இல்லை. எண்ணெயில் தொப்பி வழுக்கும், லேடெக்ஸ் ரப்பர் எண்ணெய் பட்டால் பிசுபிசுத்துக் கிழியும். முடியை வெறும் தண்ணீரில் நனைத்து, கழுத்தோரம் தாழ ஒற்றைப் பின்னலாகப் பின்னி, மடித்து, மஞ்சள் நிறத் துணித் தொப்பிக்குள் விட்டார்கள். துணித் தொப்பி தண்ணீரைத் தடுக்காது. ஆனால் முடியைப் பிடித்து இழுக்காது, பிள்ளை தானே போட்டுக்கொள்ளும்.

குளியலறைச் சோதனை

உடை வந்ததும் குளத்துக்குப் போகுமுன் வீட்டுக் குளியலறையில் சோதித்தார்கள். பிள்ளை உடையைப் போட்டு, இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ள வேண்டும். கையை முழுசாகத் தூக்கினால் சட்டை ஓரம் இடுப்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். வழுக்காத மிதியடிமேல் பத்து முறை குதித்தால் எதுவும் ஏறவோ சரியவோ கூடாது. குந்தினால் கழுத்தை இழுக்கக் கூடாது. விலாப்புறத்தில் துணியைக் கிள்ளினால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வரக் கூடாது. நனைந்தால் துணி தளரும், எனவே காய்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றுவதே சரி. தோலில் ஆழமாகப் பதிந்தால், மூச்சு இழுக்கும்போது மார்பு தடைபட்டால் அது சிறியது. கடைசியாக, நனைந்த உடையைப் பிள்ளை தானே கழற்ற வேண்டும். அக்காளுக்கு ஒன்றரை நிமிடம். தம்பிக்குச் சட்டை மட்டும் தாய் கழற்ற வேண்டியிருந்தது, நான்கு வயதுக்கு அது போதும்.

ஆறு முதல் பத்து வரை

சறுக்கல் அன்றே மாறியது. ஆறாம் வகுப்பில் மிதவைப் பலகையைப் பிடித்து உதைத்தபோது உடம்பு நேராகப் போனது, முழங்கால் மடிப்பைப் பயிற்றுநர் கோட்டைப் பார்த்தே திருத்தினார். ஆனால் முகத்தை வைக்க மறுப்பு தொடர்ந்தது. உடை சரியானதும் பயம் போய்விடவில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் அவளைக் குதிக்கவே சொல்லவில்லை. ஏணிப் படியில் உட்கார்ந்து, கன்னம், காது, மூக்கு என்று ஒவ்வொன்றாக நனைத்தார்கள். எட்டாம் வகுப்பில், சட்டையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, அது அசையவில்லை என்று தானே உறுதிசெய்துகொண்டு, விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடி இறங்கினாள். அந்த இழுத்துப் பார்க்கும் பழக்கம் பத்தாம் வகுப்புவரை இருந்தது.

பத்தாம் வகுப்பில் அவள் செய்தவை: பலகையோடு எட்டு மீட்டர் உதைப்பு, உதவியின்றி மூன்று மீட்டர் சறுக்கல், மல்லாந்து பத்து விநாடி மிதப்பு. கூடத் தொடங்கிய இருவர் அவளைவிட முன்னே போயிருந்தார்கள். மூன்று வகுப்பு பயத்தைக் கரைக்கப் போனது, அது திரும்ப வராது.

தம்பிக்குப் பாதை கடினம். மிதவைச் சட்டை இல்லாத முதல் மூன்று வாரம் அழுதுகொண்டு உதவியாளரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பில் தலைக்கடியில் ஒரு கை வைத்தால் ஐந்து விநாடி மல்லாந்து கிடந்தான். குளத்தை நோக்கி ஓடுவது நின்றது. தண்ணீர் தன்னைத் தாங்காது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

முன்னேற்றம் முழுவதும் உடையால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆறாம் வாரத்திலிருந்து பயிற்றுநர் அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுத்தார், பாட்டியும் வாராவாரம் வந்து உட்கார்ந்தார். உறுதியாகச் சொல்லக்கூடியது: தையல் வழியே வந்த சிவப்பு இரண்டு வாரத்தில் மறைந்தது, திரும்பவில்லை. பிள்ளைகளை எண்ணும்போது தடுமாற்றம் ஏற்படவில்லை.

பராமரிப்பும் ஏழு மாதத்துக்குப் பிறகும்

குடும்பம் அடுத்த நிலையிலும் தொடர்ந்தது. வகுப்பு முடிந்ததும் குளத்து ஷவரிலேயே உடையோடு நின்று அலசுவார்கள், பிறகு காய்ந்த உடைக்கு மாறுவார்கள். வீட்டில் மிதமான சோப்பு, குளிர்ந்த தண்ணீர். முறுக்கிப் பிழிவதில்லை, துண்டில் சுருட்டி அழுத்துவது. நிழலில், மின்விசிறிக்கடியில் காயப்போடுவது. ஒரு முறை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் காரிலேயே மறந்து, ஞாயிறு பகல் முழுக்க வெயிலில் கிடந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு தம்பியின் கால்சட்டை இடுப்பு தளர்ந்தது.

ஏழாம் மாதத்தில் அக்காளின் லெக்கின்ஸ் இருக்கைப் பகுதி மெலிந்தது. சொரசொரப்பான குளத்து விளிம்பில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவதால் முதலில் போவது அந்த இடம்தான். வெளிச்சத்துக்கு எதிரே துணியை இழுத்துப் பிடித்தால் மயிரிழை போல வெள்ளை ரப்பர் நூல்கள் அறுந்து எட்டிப்பார்த்தன. அது எலாஸ்டேன். அப்படித் தெரிந்தால் உடை முடிந்தது. லெக்கின்ஸை மட்டும் 45 வெள்ளிக்கு மாற்றினார்கள், சட்டை இன்னும் நன்றாகவே இருந்தது. பயன்படாமல் போன மிதவைச் சட்டைக்கும் வெளிர்நீல உடைக்கும் சேர்த்து அவர்கள் முதலில் செலவழித்தது 174 வெள்ளி.

மறுபடி நடத்தும்போது மாற்றியவை

வகுப்பு நடத்துபவர்கள் மூன்றை மாற்றினார்கள். முதல் வகுப்பிலேயே, தண்ணீரில் இறங்குமுன், ஒவ்வொரு பிள்ளையின் உடையையும் கைதூக்கி, குந்தி, குதித்துப் பார்க்கச் செய்கிறார்கள். சரியில்லாத உடையோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. அன்று படிக்கட்டு, குமிழி, பலகை மட்டும். குதிப்பதும் மல்லாந்து மிதப்பதும் இல்லை. மிதவைச் சட்டையைக் கழற்றுவது முதல் நாளே, பெற்றோர் முன்னிலையில்.

மூன்றாவது, அந்த ஒற்றை வரி. இப்போது பதிவு செய்யும் பெற்றோருக்கு, கட்டணம் வாங்குவதற்கு முன்பே போகும் தகவல் இது:

"உடை எவ்வளவு மூடியிருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். முழுக்கை, முழுக்கால் எதுவும் சரி. ஆனால் பருத்தி வேண்டாம். இப்போதைய உயரத்துக்கான அளவே வாங்குங்கள், பெரிதாக வேண்டாம். சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக, சட்டை மேலே ஏறாமல் கால்சட்டையோடு இணைகிற மாதிரி. பாவாடை மடிப்பு, பை, உள்வலை, கழுத்துக் கயிறு இல்லாதது. நிறம் ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் மஞ்சள் அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு. நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டாம். நுரை வைத்த மிதவை உடை வேண்டாம். கொலுசு, வளையல், தொங்கும் தாயத்து வீட்டில் இருக்கட்டும். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். வாங்குமுன் சந்தேகம் இருந்தால் பிள்ளையின் உயரத்தையும் மார்பளவையும் அனுப்புங்கள், அளவு சொல்கிறோம். இரண்டு துண்டு, மாற்றுடை, வெளியே வந்ததும் போர்த்த ஒன்று, மறக்காதீர்கள்."